தேனுவைவிட ஒரு ரூபாயாவது அதிகம்

தீராத காய்ச்சல் தீர்ந்தவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். விபத்தில் தப்பியவர்கள் சொல்லியும் கேட்டிருக்கிறேன். எனக்கு வந்தது அப்படிப் பெரிய ஆபத்து எதுவும் இல்லை. எனக்கு வந்தது வயிற்றெரிச்சல். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுக்கிற வயிற்றெரிச்சல் இல்லை. எதிர்வீட்டுப் பெண்ணுக்கு வேலை கிடைத்ததால் வந்தது. அதிலிருந்து திருக்கோஷ்டியூர் சௌமிய நாராயணப் பெருமாள் என்னை எப்படிக் கரையேற்றினார் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். முழுக்கக் கரையேறிவிட்டேனா என்பதை நீங்களே கடைசியில் சொல்லுங்கள்.

என் பெயர் கலா. ஊர் கீழச்சிவல்பட்டி. அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், ஒரு பழைய டிராக்டர். எதிர்வீட்டில் தேன்மொழி. எல்லோருக்கும் தேனு. ஒன்றாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒரே பெஞ்சு. காரைக்குடியில் பி.காம். படிக்கப் போனதும் ஒரே பஸ்ஸில். பரீட்சைக்கு முதல் நாள் வந்து, "ஏய் கலா, இது டெபிட்ல வருமா கிரெடிட்ல வருமா?" என்று கேட்பவள் அவள். சொல்லிக் கொடுப்பவள் நான். கம்ப்யூட்டரில் டேலி போடவும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். கடைசி வருஷம் சென்னைக் கம்பெனி ஒன்று கல்லூரிக்கே வந்து ஆள் எடுத்தது. இருவரும் கடைசிச் சுற்று வரை போனோம். அவளை எடுத்தார்கள். என்னை எடுக்கவில்லை.

அன்று பஸ்ஸில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். நான் சிரித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து அழுதேன். வேலை கிடைக்கவில்லை என்று அழவில்லை, அவளுக்குக் கிடைத்ததே என்று அழுதேன். இரண்டும் ஒன்றில்லை என்று அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு என் வாழ்க்கை அவளுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஆகிவிட்டது. தேனு கடற்கரையில். தேனு அலுவலகத்து லிஃப்டில். தேனு புதுச் செருப்போடு. எதிர்வீட்டில் ஃபிரிட்ஜ் வந்து இறங்கிய அன்று எங்கள் அம்மா போய்த் திறந்து பார்த்துவிட்டு வந்து, "உள்ள லைட்டெல்லாம் எரியுது புள்ள" என்றாள். எனக்கு எங்கே எரிந்தது என்று அவளுக்குத் தெரியாது.

வங்கித் தேர்வு எழுதினேன். அரசுத் தேர்வு எழுதினேன். ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் அப்பாவிடம்தான் பணம் கேட்க வேண்டும். செல்போனுக்கு ரீசார்ஜ் செய்யவும் அவரிடம்தான் நிற்க வேண்டும். அவர் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அதுதான் இன்னும் கஷ்டம். கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தவுடன் கேட்பார்கள்: "என்னத்தா, இன்னும் வேலை அமையலையா? எதுத்த வீட்டுப் புள்ள சென்னையில இருக்காளாமே!" கடைசியில் அப்பாவே ஒருநாள் சொல்லிவிட்டார்.

"வர்ற தை வரைக்கும் பாரு தாயி. அதுக்குள்ள ஒண்ணும் அமையலைன்னா சிங்கம்புணரி மாப்பிள்ளை எடத்துக்குச் சரின்னு சொல்லிருவோம். அவுகளும் நல்ல மனுசங்கதான்."

நல்ல மனிதர்களாகவே இருக்கட்டும். சொந்தமாக ஒரு சம்பளம் வாங்காமல், இன்னொரு வீட்டிலும் போய் ரீசார்ஜுக்குக் கை நீட்டுவதை நினைத்தால் எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

சென்ற ஆண்டு மாசித் தெப்பத்துக்குத் திருக்கோஷ்டியூர் போனோம். அங்கே விளக்கு எடுக்கிற வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வேண்டுதல் நிறைவேறியவர்கள் தெப்பக்குளத்துப் படிகளில் அகல் விளக்கு ஏற்றி வைப்பார்கள். புதிதாக வேண்டிக்கொள்பவர்கள் அந்த விளக்குகளில் ஒன்றை எடுத்து வந்து, காசும் துளசியும் போட்டு டப்பாவில் மூடி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிடுவார்கள். நினைத்தது நடந்தால் அடுத்த மாசியில் அந்த விளக்கோடு இன்னும் சிலவற்றையும் சேர்த்து ஏற்ற வேண்டும். ஊரெல்லாம் எடுக்கிற விளக்கை தேனு எடுத்ததே இல்லை. அவளுக்கு அதில் அக்கறையும் இல்லை. கேட்காமலேயே கொடுத்த சாமியிடம் கேட்டுக்கொண்டு நிற்கிறோமே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

யாரோ ஒரு குடும்பம் ஏற்றிவிட்டுப் போன விளக்கை எடுத்தேன். முந்தானையால் காற்றை மறைத்துக்கொண்டு கண்ணை மூடினேன். வேலை வேண்டும் என்று கேட்டிருக்கலாம். வாயில் வந்தது வேறு. "பெருமாளே, தேனுவைவிட ஒரு ரூபாயாவது அதிகமாக நான் சம்பாதிக்க வேண்டும்."

சித்திரையில் ஒரு வேலை வந்தது. காரைக்குடியில் ஓர் ஆச்சி பலகாரம் செய்து விற்கிறார். சீப்புச் சீடை, மனகோலம், தேன்குழல், அதிரசம் என்று பெட்டி பெட்டியாகச் சிங்கப்பூர், மலேசியா வரை போகும். அந்த அடுப்படிக்கு விறகு ஏற்றிப் போகிறவர் எங்கள் அப்பா. கணக்குப் பார்க்கவும் பில் போடவும் ஒரு ஆள் வேண்டும் என்று ஆச்சி சொல்லியனுப்பியிருந்தார். சம்பளம் தேனு வாங்குவதில் பாதிகூட இல்லை. "பி.காம். படிச்சிட்டு முறுக்குக் கடையில பில்லு போடவா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கேட்டது கிடைக்கும்போது அது தேனுவின் சம்பளத்தைத் தாண்டி வரும் என்று அந்த அளவுக்கு நம்பினேன். கும்பிட்ட கையோடு வந்த லட்சுமியை வாசலோடு அனுப்பினேன்.

அப்புறம் ஒன்றுமே வரவில்லை. ஆடி போனது, புரட்டாசி போனது. விளக்கு டப்பாவைத் திறந்தால் துளசி காய்ந்து கிடந்தது. சிங்கம்புணரிக்காரர்கள் ஐப்பசியில் ஒருமுறை ஆள் விட்டுக் கேட்டார்கள். சாமி படத்துக்கு முன்னால் நின்று பேசுவதையே விட்டுவிட்டேன். கேட்டுக் கேட்டு அலுத்துப்போனது.

கார்த்திகையில் தேனு வந்தாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று அவள் அம்மா தெருவெல்லாம் சொன்னார். ஆனால் லேப்டாப்பைத் திறந்த மாதிரி தெரியவில்லை. ஸ்டேட்டஸும் நின்றுபோயிருந்தது. ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டு அடுப்படிக்கு வந்து, அம்மா இல்லாத நேரம் பார்த்து மெல்லச் சொன்னாள். "எங்க பிராஞ்சையே மூடிட்டாங்கடி. எங்க வீட்டுல இன்னும் சொல்லலை."

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். மறைக்க ஒன்றுமில்லை, சந்தோஷம்தான். அது முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே என்று குனிந்து வெங்காயம் உரித்தேன். அப்போது அவள் கேட்டாள்.

"முறுக்குக் கடையில ஆள் கேட்டாகன்னு உங்கம்மா சொன்னாக. நீதான் போகலையே. நான் போய்க் கேட்டுப் பாக்கட்டா?"

"போயேன். எனக்கென்ன" என்றேன்.

அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் சீந்தாத வேலை, நான் சிரித்த வேலை, அவள் கேட்டவுடன் தங்கமாகிவிட்டது. வைக்கோல் போரில் படுத்த நாய் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். அது நான்தான். விடிந்ததும் சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு, அம்மாவிடம்கூடச் சரியாகச் சொல்லாமல், அவளுக்கு முன்னால் போய்விட வேண்டும் என்று முதல் காரைக்குடி பஸ்ஸைப் பிடித்தேன். ஏறிப் பார்த்தால் ஜன்னலோரத்தில் தேனு உட்கார்ந்திருக்கிறாள். கல்லூரிக்குப் போகும்போது எனக்கு இடம் போடுவாளே, அதே மாதிரி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தப் பஸ்ஸில்தான் நான் உண்மையில் வேண்டிக்கொண்டேன். ரூபாய்க் கணக்கெல்லாம் போய்விட்டது. "பெருமாளே, அவளுக்குக் கிடைத்து எனக்குக் கிடைக்காததை இன்னொரு தரம் பார்க்க என்னால் முடியாது. எனக்கு ஒரு வேலை கொடு. எந்த வேலையானாலும் கொடு." கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. ஜன்னலைப் பார்ப்பதானால் அவள் முகத்தைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும். அதனால் கம்பியைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஆச்சி மாவு சலிக்கிற இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்து, "விறகுக்காரர் மகதானே? அப்பக் கூப்பிட்டதுக்கு வரலையே?" என்றார். அவர் அப்போது எடுத்த ஆள் துபாய்க்குப் போய்விட்டானாம். தேனுவின் அனுபவச் சான்றிதழை வாங்கிப் பார்த்ததும் ஆச்சியின் முகம் மலர்ந்தது. "சென்னையில பாத்த புள்ளையா!" அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். பழைய படம் மறுபடி ஓடுகிறது.

"ஒரு ஆளுக்குத்தான் வேலை இருக்கு. பாதியில விட்டுட்டு ஓடுற ஆள் எனக்கு ஆகாது. நீ எத்தன நாள் இருப்ப, சொல்லு" என்று ஆச்சி தேனுவைத்தான் முதலில் கேட்டார்.

தேனு கொஞ்சம் யோசித்தாள். "ஆச்சி, உங்ககிட்டப் பொய் சொல்லக் கூடாது. சென்னையில ஒரு வேலை அமைஞ்சா நான் போயிருவேன். இவ இருப்பா. எனக்கு டேலி சொல்லிக் குடுத்ததே இவதான்."

நான் கேட்ட வேண்டுதலுக்குப் பதில் அவள் வாயிலிருந்து வந்தது. ஆச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப நீ திங்கக்கெழமை வந்துரு ஆத்தா" என்றார். நன்றி சொல்ல வேண்டிய நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? விட்டுக்கொடுப்பதிலும் இவளே முந்திக்கொண்டாளே என்று தோன்றியது.

பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கிக் கொடுத்தேன். அங்கே வைத்து தேனு சொன்னாள்: "ஹாஸ்டல் சாம்பாரத் திங்கிறப்ப எல்லாம் உம்மேலதாண்டி எனக்கு எரிச்சலா வரும். நீ மட்டும் வீட்டுல உக்காந்து மீன் கொழம்பு திங்கிறியேன்னு." இதைக் கேட்டதும் எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அது பெருமாளுக்கே அடுக்காது. இருவரும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். வேலை போனதை அவள் வீட்டில் சொல்வதற்கு நானும் கூடப் போனேன்.

வேலையில் சேர்ந்தேன். பில், பெட்டி எடை, வரிக் கணக்கு, சிங்கப்பூரிலிருந்து வரும் போன் எல்லாம் என் தலையில்தான். முதல் சம்பளத்தை அப்பா கையில் கொடுத்தேன். வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தார். "நீயே வச்சுச் செலவு பண்ணு தாயி. சிங்கம்புணரிக்கு இப்ப வேணாம்னு சொல்லி விட்டுர்றேன்" என்றார். அன்று என் செல்போனுக்கு நானே ரீசார்ஜ் செய்தேன். ராணி மாதிரி இருந்தது.

விளக்கு டப்பாவுக்குப் புதுத் துளசி வைக்கப் போனேன். அப்போதுதான் உறைத்தது. அந்த மாதம் தேனுவின் சம்பளம் ஒன்றுமில்லை. என்னுடையது அதைவிட அதிகம். மாசியில் நான் என்ன கேட்டேனோ அது அட்சரம் பிசகாமல் நடந்திருந்தது.

என் வாயால்தான் அவள் வேலை போனதோ? சாமி அப்படிச் செய்ய மாட்டார் என்று அறிவு சொன்னது. மனசு கேட்கவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். வாழ்க்கையில் முதல்முறையாக தேனுவுக்காக வேண்டினேன். "அவளுக்கும் ஒரு வழி விடு. என்னைவிட அதிகமாகவே கொடு." சொல்லிவிட்டு, பொய் சொல்லக் கூடாது என்று, "கொஞ்சம் அதிகமாக" என்று திருத்திக்கொண்டேன். அன்று வந்த தூக்கம் எனக்கு ரொம்ப நாளாக வராத தூக்கம்.

இந்த மாசித் தெப்பத்துக்கு விளக்கைத் திருப்பப் போனேன். தேனுவும் வந்தாள், முதல்முறையாக. அவளுக்கு இன்னும் வேலை அமையவில்லை. நான் படியில் வரிசையாக ஏற்றி முடிக்கும்வரை நின்று பார்த்தவள், "நானும் ஒண்ணு எடுக்கணும்டி. எப்படி எடுக்கணும்?" என்று கேட்டாள். சொல்லிக் கொடுத்தேன். அவள் அங்குட்டும் இங்குட்டும் பார்த்தாள். படியெல்லாம் விளக்கு. பெரிய பெரிய குடும்பங்கள் நூறும் இருநூறும் ஏற்றியிருந்தார்கள். இவள் போய் அவர்கள் விளக்கில் ஒன்றை எடுத்துவிட்டால்? என்னுடையது இங்கே எரிந்துகொண்டிருக்கும்போது?

அவள் குனிந்து என் வரிசையில் ஒன்றை எடுத்தாள். காற்று படாமல் நான் கையால் மறைத்துக்கொண்டேன். அவள் என்ன கேட்டாள் என்று நான் கேட்கவில்லை. அந்த டப்பா இப்போது எதிர்வீட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவளுக்குக் கிடைக்கும். எனக்குச் சந்தேகமே இல்லை.

படித்து முடித்துவிட்டு அப்பாவிடம் ரீசார்ஜுக்கு நிற்கிற தம்பி தங்கைகளே, பெருமாளிடம் கேளுங்கள். மனசு சுத்தமான பிறகு கேட்கலாம் என்று காத்திருக்காதீர்கள். நான் கேட்டது எவ்வளவு அழுக்கான வேண்டுதல் என்று பார்த்தீர்களே. நெல்லை எடுத்துக்கொண்டு உமியை அவர் ஊதிவிட்டார். வாசலில் வந்து நிற்கும் வேலை சின்னதாக இருந்தால் அதற்காக அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுத்த மாசிக்கும் நான் வருவேன், விளக்கு ஏற்றுவேன். உங்களுக்கு ஒன்று வேண்டுமென்றால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் வரிசையிலிருந்தே எடுங்கள். பக்கத்து வரிசைக்குப் போனால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.