கொலஸ்ட்ரால் இறங்கிய வாரம்

தில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் செக்டரில் காலை நடை போகும் ஆண்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. மலை மந்திர் முருகன் கோயில் பக்கம் ஒரு சுற்று சுற்றிவிட்டு, பால் பூத்துக்கு எதிரே சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்து, அவரவர் கொலஸ்ட்ரால் எண்ணைச் சொல்லிக்கொள்வார்கள். பிள்ளைகளின் பரீட்சை மார்க்கைச் சொல்வது மாதிரிதான். எண் குறைவாக வைத்திருப்பவர் சற்று நிமிர்ந்து உட்காருவார். என் வீட்டுக்காரர் அந்தக் கூட்டத்தில் எப்போதும் ஃபெயில். இருநூற்று நாற்பதுக்குக் கீழே அவர் வந்ததே இல்லை.

இத்தனைக்கும் மனிதர் மூன்று வருஷமாக வாயைக் கட்டியிருந்தார். நெய் கிடையாது, தேங்காய்ச் சட்னி கிடையாது. தீபாவளிக்குக்கூட வடையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவார். டிஸ்பென்சரியில் கொடுத்த மாத்திரையை மட்டும் தொட மாட்டார். மாத்திரை போட்டு இறக்குவது காப்பியடித்துப் பாஸ் செய்வது மாதிரி என்று ஒரு வியாக்கியானம் வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்களுக்கு உடம்பு பெரிசா, அந்த பெஞ்ச் பெரிசா என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன்.

மழை ஓய்ந்த மாதங்களில் தில்லிக்கு டெங்கு வருவது புதிதல்ல. அந்த வருஷம் கொஞ்சம் கூடுதல். பின் பிளாக்கில் கல்யாண வயதுப் பெண் ஒருத்தி அதில் செத்தே போய்விட்டாள். கூலர் தண்ணீரில்தான் கொசு முட்டையிடுகிறது, கொட்டுங்கள் என்று சைக்கிள் ரிக்‌ஷாவில் மைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாகச் சொல்லிப்போனார்கள். எங்கள் கூலரை நானே கவிழ்த்தேன். மாடி வீட்டுக்காரர்கள் லீவில் ஊருக்குப் போயிருந்தார்கள். அவர்கள் ஜன்னல் கூலரில் நின்ற தண்ணீரை யார் கொட்டுவது?

இவருக்குக் காய்ச்சல் வந்தது. முதுகை முறித்துப் போடுகிற வலி, கண்ணைத் திறந்தால் வெளிச்சம் குத்துகிறது என்றார். டிஸ்பென்சரி டாக்டர் பிளேட்லெட் பார்க்கச் சொன்னார். மார்க்கெட் லேபிலிருந்து ஒருவர் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார். ஊசி இறங்கும்போதுதான் இவருக்கு அந்த யோசனை உதித்தது. கொலஸ்ட்ராலுக்கும் சேர்த்து எடுத்துக்கொள் பையா என்று இந்தியில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

"எப்படியும் நேத்திலேர்ந்து ஒண்ணும் உள்ள போகல. வெறும் வயிறுதானே? ஒரே குத்துல ரெண்டு வேலை முடிஞ்சுடும்."

காய்ச்சலில் கொதிக்கிற நேரத்தில் இப்படியொரு சிக்கனம் சர்க்கார் உத்தியோகத்தில் ஊறின மூளைக்குத்தான் தோன்றும். நான் தலையில் அடித்துக்கொண்டு காப்பி போடப் போனேன்.

சாயங்காலம் ரிப்போர்ட் வந்தது. பிளேட்லெட் குறைந்திருந்தது, ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை என்று டாக்டர் போனில் சொன்னார். கொலஸ்ட்ராலைப் பற்றி நாங்கள் அவரிடம் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அது நூற்றுப் பதினெட்டு. இவர் கண்ணாடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, தாளை முகத்துக்குக் கிட்டே வைத்து மறுபடி மறுபடி படித்தார். தலைகால் புரியவில்லை. எழுந்து நிற்கத் தெம்பில்லாத ஆள், போனைக் கட்டிலுக்கு இழுத்து நடைக் கூட்டாளிகள் ஒவ்வொருவருக்கும் சொன்னார்.

மறுநாள் காய்ச்சலும் விட்டுவிட்டது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர் பதாய் ஹோ என்று வாழ்த்திக்கொண்டே பர்பி டப்பாவோடு வந்தார். அவர் பின்னாலேயே இரண்டு பேர் வந்தார்கள். எல்லோரும் இவர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து பர்பி தின்றார்கள். பொய் சொல்வானேன், எனக்கும் சந்தோஷம்தான். காய்ச்சலும் போச்சு, கொழுப்பும் போச்சு என்று ஊருக்குப் போன் செய்து நாத்தனாரிடம் சொன்னேன்.

ஆனால் அவர்கள் சிரித்துக்கொண்டிருந்தபோதே இவர் சரியாக இல்லை. வயிறு வலிக்கிறது என்றார். வாயுவாக இருக்கும் என்று இஞ்சிச் சாறு கொடுத்தேன், வாந்தி எடுத்தார். உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. கையைத் தொட்டால் சில்லென்று இருந்தது. காலையிலிருந்து பாத்ரூம் பக்கமே போகவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றேன். காய்ச்சலே இல்லையே, எதுக்கு ஆஸ்பத்திரி என்று அவர் முனகினார். நான் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பஞ்சாபிக்காரரின் மாருதியில் பின்சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுபோனோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டர் இவர் நகத்தை அழுத்திப் பார்த்தார், வயிற்றைத் தட்டிப் பார்த்தார். நான் கொண்டுபோன ரிப்போர்ட்டுகளைப் புரட்டியவர் கொலஸ்ட்ரால் தாளில் நின்றுவிட்டார். என்ன மாத்திரை என்று கேட்டார். மாத்திரையே கிடையாது, மூன்று வருஷமாகப் பத்தியம் என்று பெருமையாகவே சொன்னேன். முன்பு எவ்வளவு இருந்தது என்றார். சொன்னேன். அவர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனார்.

மூன்று வருஷம் பத்தியத்தில் இறங்காதது ஒரு காய்ச்சலில் எப்படி இறங்கும் அம்மா என்று இந்தியில் மெதுவாகக் கேட்டார். இந்த நோய் முற்றினால் ரத்தக்குழாய்கள் கசியும், ரத்தத்தில் இருக்கிற நீர் வெளியே போய் வயிற்றில் தேங்கும், காய்ச்சல் விடுகிற நேரம்தான் அதற்கு நேரம் என்றார். ஈரலும் அடிபடும், கொலஸ்ட்ராலை உண்டாக்குவதே அதுதான் என்றார். கொலஸ்ட்ரால் இப்படித் திடீரென்று சரிகிறவர்களுக்கு நோய் கடுமையாக இருப்பதை இப்போது டாக்டர்கள் கவனிக்கத் தொடங்கியிருக்கிறார்கள், இது நல்ல சேதி இல்லை என்றார். எனக்கு அந்த பர்பி டப்பா நினைவுக்கு வந்தது.

டிரிப் ஏற்றினார்கள். ரத்தம் எடுக்கும்போதெல்லாம் அந்த எண்ணையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னார் டாக்டர். ஏற ஆரம்பித்தால் கொஞ்சம் மூச்சு விடலாம் என்றார். புருஷனுக்குக் கொலஸ்ட்ரால் ஏற வேண்டும் என்று முருகனிடம் வேண்டிக்கொண்ட பொம்பளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முருகா, இருநூற்று நாற்பது வேண்டாம், நூற்று முப்பதாவது ஆக்கு என்று பேரம்கூடப் பேசினேன்.

மறுநாள் முற்பகல் நாகர்கோவில்கார நர்ஸ் ஒருத்தி என்னிடம் வந்து எண்ணைச் சொன்னாள். எண்பத்தாறு. சொல்லிவிட்டு என் தோளில் கையை வைத்தாள். நான் திரும்பியபோது இவர் கண்ணைத் திறந்திருந்தார். வயிறு உப்பியிருந்தது, மூச்சு வேகவேகமாகப் போய்க்கொண்டிருந்தது. நாங்கள் பேசியது காதில் விழுந்திருக்கிறது.

"கொலஸ்ட்ராலா? எவ்வளவாம்?"

பொய் சொல்லலாம் என்று பார்த்தேன். எந்தப் பக்கம் பொய் சொல்வது? ஏறியிருக்கிறது என்று சொன்னால் என் மனசு ஆறும், அவர் மனசு உடையும்.

"எண்பத்தாறுங்க."

அந்த முகம் மலர்ந்ததை நான் என்ன சொல்ல. காய்ந்து வெடித்த உதட்டோடு சிரித்தார்.

"இன்னும் இறங்கிடுச்சா? அப்ப எல்லாம் சரியாயிட்டு வருது. நாளைக்கு வீட்டுக்குப் போயிடலாம்."

"போயிடலாங்க," என்றேன்.

அவர் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். சூடு வரவில்லை. மத்தியானச் சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வருவதற்கு முன்னால் போய்விட்டார்.