கம்பவுண்டர் மேல் சந்தேகம்

கொலைகாரன் யாரென்று, அந்த நாவல் எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே எனக்குத் தெரியும். வாடகைப் புத்தகக் கடையில் நின்றபடியே அம்மா கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு, "அட, இந்த வார்டனா" என்று வாய்விட்டுச் சொன்னாள். முடிவு தெரியாமல் எந்தக் கதையையும் அவள் எடுத்துவந்ததில்லை. அப்போது நான் நாலாம் வகுப்பு. ஓசூரில் ஒரு வரிசை வீட்டில் குடியிருந்தோம்.

தலையணை மாதிரி நாவல். யுத்த காலத்து மெட்ராஸ். குண்டு விழும் என்று பயந்து ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்கு ஓட, பூட்டிய வீடுகளுக்குள் ஒவ்வொன்றாகப் பிணம் கிடைக்கிறது. ராத்திரியில் விளக்கை அணைக்கச் சொல்லி விசிலடித்துக்கொண்டு தெருத் தெருவாகச் சுற்றுகிறவன்தான் அந்த வார்டன். அட்டைப் படத்தைப் பார்த்த பயத்தில் நான் அதைத் தொடக்கூட மாட்டேன்.

அதைவிடப் பெரிய யுத்தம் எங்கள் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அம்மா ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அப்பா திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கோபம் வந்தால் கத்த மாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். ராயக்கோட்டைக்காரியான அம்மாவும் இறங்கி வருவதாக இல்லை. பரீட்சை லீவு விட்டதும் என்னைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விடப் போவதாகவும், திரும்பி வரப்போவதில்லை என்றும் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மற்ற பிள்ளைகள் லீவு எப்போது வரும் என்று ஏங்க, நான் மட்டும் பரீட்சையைத் தள்ளிப்போடச் சொல்லி தினமும் பிள்ளையாரை நச்சரித்தேன்.

அம்மாவுக்கு முதல் ஷிப்ட், அப்பாவுக்கு ரெண்டாம் ஷிப்ட். விடியுமுன் அம்மா கம்பெனி பஸ் ஏறிவிடுவாள். என்னைக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புவது அப்பா. நான் திரும்பி வரும்போது அம்மா இருப்பாள், அப்பா இருக்க மாட்டார். ஒரே நாவலைச் சாயங்காலம் அவள் படித்தாள், காலையில் அவர் படித்தார். நடுவில் நான்தான் தபால்காரி.

"உங்கப்பாகிட்ட சொல்லு கண்ணு, கதையில வர்ற அந்தக் கம்பவுண்டர்தான் கொல பண்றான்."

வார்டன் என்று கடையிலேயே சொன்னவள் இப்படிச் சொல்கிறாளே, மறந்துவிட்டாள் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டு தபாலைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அப்பா சட்னியை வழித்துக்கொண்டே யோசித்தார். "அவன் பயந்தாங்கொள்ளி. எனக்கு அந்த வார்டன் மேலதான் சந்தேகம்னு உங்கம்மாட்ட சொல்லு."

"ஊருக்கு உழைக்கிற மனுசனப் போய் அப்படிச் சொல்லலாமான்னு கேளு" என்றாள் அம்மா சாயங்காலம்.

அதன் பிறகு தபால் பெருகிவிட்டது. தோசை மாவு புளித்தது, தண்ணி வரவில்லை என்பதெல்லாம் கம்பவுண்டரோடு சேர்ந்து போய்வந்தன. ஒருநாள் காலையில் அப்பா, "அந்தக் கம்பெனில நின்னுக்கிட்டேதான் வேலையான்னு கேளு" என்றார். ஆமாம், கால் வீங்கிப்போகிறது என்று பதில் வந்தது. அதைச் சொன்ன அன்று சாயங்காலம் நாவலின்மேல் ஒரு தைல பாட்டில் இருந்தது. அம்மா அதை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, நாவலை ஓரமாக வைத்துக் காலில் தேய்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேருக்கும் லீவு. அப்பா கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு, புத்தகமும் கையுமாகச் சமையலறைக்குள் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"வார்டன்தான். நான் அப்பவே சொன்னேம்லா."

அவர் அதை அம்மாவிடமே நேராகச் சொன்னார். அம்மா கரண்டியோடு திரும்பி, கண்ணை அகல விரித்தாள். "அவனா? நான் கனவுலகூட நெனைக்கலீங்க."

"நீதானேம்மா கடையில..." என்று ஆரம்பித்தேன். சுடச்சுட ஒரு போண்டா வந்து என் வாயை அடைத்தது. நாக்கு வெந்துபோனாலும் எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை. மறுநாள் விடியலில் அம்மாவின் டிபன் பாக்ஸை அப்பா கட்டினார். லீவுக்கு ராயக்கோட்டை போனோம்தான், மூன்று பேருமாக.

அம்மாவுக்கு ஞாபக மறதி என்றே பல வருஷம் நினைத்திருந்தேன். எனக்குக் கல்யாணமாகி, நானும் ஒரு தடவை வீட்டில் பேச்சை நிறுத்திய பிறகுதான் விஷயம் உறைத்தது. அடுத்த முறை ஓசூர் போனபோது அப்பாவிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"உங்கம்மா எந்தக் கதையையும் கடைசிப் பக்கத்துல இருந்துதான் ஆரம்பிப்பா. எனக்குத் தெரியாதாக்கும்?"