ரெண்டும் பீச்சாங்கால்

பாலாற்று வெள்ளத்தில் புருஷனையும் வீட்டையும் இழந்த பெண்களுக்கு, ஆம்பூரில் ஒரு கொட்டகையில் செருப்புத் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். அங்கே தோல் வெட்டியது நான். யாரையாவது கேலி செய்யாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அவர்களில் ஒருவரான கன்னியம்மாக்கா தைக்கும் முதல் ஜோடி சரியாக வந்தால்தான் அவருக்கு வேலை. நான் விளையாட்டாக இரண்டையுமே இடது காலுக்கு வெட்டிக் கொடுத்தேன். பழக்கமில்லாத அக்கா அப்படியே தைத்துவிட்டார்.

மேஸ்திரி தூக்கிப் பார்த்தார். "இன்னாம்மா, ரெண்டும் பீச்சாங்கால். நாளைலேர்ந்து வராத."

கொட்டகையே சிரித்தது. நான் குனிந்து அடுத்த தோலை வெட்டினேன்.

அக்கா நிதானமாகச் சொன்னார்: "வெள்ளத்துல ஒத்த செருப்பு போனவங்க தெருவுக்கு நாலு பேரு கீறாங்க மேஸ்திரி. வித்துட்டு வர்றேன்."

சொன்னபடியே சாயங்காலத்துக்குள் இரண்டையும் விற்றுவிட்டார். வேலையும் கிடைத்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். "நான்தான் மாத்தி வெட்னேன்னு ஏன்க்கா சொல்லல?"

"சொன்னா உன்ன தொரத்திடுவாரு. பொழப்பு போனா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? நாளைக்கு சோத்தாங்கால் ரெண்டு வெட்டுடா தம்பி, அதையும் கேக்கறாங்க."

இன்றும் நான் கேலி பேசுகிறவன்தான். ஆனால் தோலில் கத்தி வைக்குமுன், ஒருமுறை குனிந்து என் காலைப் பார்த்துக்கொள்கிறேன்.