கடலைக்காட்டுக்கு ஒரு துப்பாக்கி

வெர்னா பிகெட் யார் என்று எங்கள் ஊரில் கேட்டால், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாளே அவள்தான் என்பார்கள். எனக்கு அது பிடிக்காது. பேருந்து ஓட்டுவது வயிற்றுப்பாட்டுக்கு. அவள் விவசாயி. டெக்சாஸின் இந்த மணல் பூமியில், கிழவர் எம்மெட் கேலின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தனி ஆளாக நிலக்கடலை போடுகிறவள். காலையில் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டுப் போய் டிராக்டரில் ஏறுவாள். மாலையில் டிராக்டரிலிருந்து இறங்கி, கையைக்கூடக் கழுவாமல் பேருந்தில் ஏறுவாள். அந்தப் பள்ளிச் சமையலறையில்தான் எனக்கு வேலை. என் பெயர் டார்லா. கோபக்காரி என்று ஊரில் எனக்குப் பேர் உண்டு. இதைக் கேட்டுவிட்டு, கோபப்படாமல் எப்படி இருப்பது என்று நீங்களே சொல்லுங்கள்.

இரண்டு வருடமாகக் காட்டுப்பன்றிகள் அவளை அழித்துக்கொண்டிருந்தன. பன்றி என்றால் ஏதோ ஒன்று இரண்டு வந்து மேய்ந்துவிட்டுப் போகும் என்று நினைத்துவிடாதீர்கள். விதை ஊன்றிய மறுநாளே கூட்டமாக இறங்கும். சாலின் ஒரு முனையில் மூக்கை வைத்தால் மறுமுனையில்தான் எடுக்கும். நடுவில் ஒரு விதை மிஞ்சாது. மறுபடி விதை வாங்கி மறுபடி ஊன்றினால் மறுபடி வரும். எம்மெட்டுக்கு வாடகையாக விளைச்சலில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். விளைந்தால்தானே பங்கு?

போன வசந்தத்தில் கிழவர் அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்: "ரெண்டு வருஷமா கடலைய விடப் பன்னிதாம்மா நல்லா விளையுது. இந்த வருஷமும் இப்படியே போச்சுன்னா நிலத்த வேற ஆளுக்கு விட வேண்டியதுதான். என்னைத் தப்பா நினைக்காத."

பதினோரு வருடம் அவள் எரு போட்டுத் தேற்றிய மண் அது. வீட்டில் அவள் அப்பா விட்டுப்போன பழைய துப்பாக்கி ஒன்று இருந்தது. ஒரு தடவை சுட்டால் பூட்டை இழுத்து, தள்ளி, மூடி, பிறகுதான் அடுத்தது. அதற்குள் மீதிப் பன்றிகள் ஓடைப் புதருக்குள் போய்ச் சிரிக்கும். விசையை இழுக்க இழுக்கச் சுடும் துப்பாக்கி ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தாள். டிராக்டருக்கு டயர் மாற்ற வைத்திருந்த பணம்தான் கையில் இருந்தது. டயர் இன்னொரு வருடம் ஓடும் என்று எனக்குச் சொன்னாள். ஓடாது என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

ஊரில் இருக்கிற ஒரே துப்பாக்கிக் கடை ராய்ஸ் டாலிவருடையது. சனிக்கிழமை ஆனால் டல்லாஸ்காரர்களை அழைத்து வந்து, தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, பன்றி வேட்டை காட்டுவதும் அவன்தான். நானும் வெர்னாவுடன் போனேன். உள்ளே நுழைந்ததும், "வா செல்லம், யாருக்குப் பிறந்தநாளு?" என்றான்.

"எனக்குத்தான் வேணும். பன்னிக்கு. குழல் நல்லாருக்கணும், எந்தத் தீவனக் கடையிலயும் கிடைக்கிற தோட்டாவா இருக்கணும். மத்ததெல்லாம் எப்படி இருந்தாலும் சரி."

அவன் குனிந்து ஒன்றை எடுத்து வைத்தான். இளஞ்சிவப்பு நிறம். பொம்மைக்கடையில் தொங்கவிட்டு வைத்திருப்பார்களே, அந்தச் சிவப்பு. "பொம்பளைங்க கைக்கு அடக்கமா இருக்கும்."

"ஏன் ராய்ஸ், பன்னி கலர் பாத்துத்தான் சாகுமா?"

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது. அதை வைத்துவிட்டு, சுவரிலிருந்து இன்னொன்றை இறக்கினான். அதில் விளக்கு, சிவப்புப் புள்ளி அடிக்கிற கருவி, முன்னால் பிடிக்க ஒரு கைப்பிடி, நிறுத்தி வைக்க இரண்டு கால். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். துப்பாக்கியைவிட அதில் தொங்குகிற சாமான்களின் விலை கூட. "இது இல்லாம பன்னிக்குப் போனா ஊரே சிரிக்கும் செல்லம்."

"ஊரு சிரிக்கட்டும். பன்னி அழுதாப் போதும் எனக்கு," என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்துவிட்டாள்.

எனக்குத்தான் ஆறவில்லை. வண்டியில் ஏறியும் அவனைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "நீ கத்தாம கேளு டார்லா. துப்பாக்கிய வாங்குறது பாதிதான். அப்புறம் குறி பாக்குற ஸ்கோப்பு இருக்கு, தோட்டா இருக்கு. தூரத்துல மங்கல் வெளிச்சத்துல பன்னி தெரியணும்ல? மொத்தக் காசையும் கடைச் சுவருல இருக்கிறதுல கொட்டிட்டு, மூணே தோட்டாவ மடியில கட்டிக்கிட்டு வயல்ல உக்காரச் சொல்றியா?"

அடுத்த ஊர் அடகுக்கடையில்தான் கிடைத்தது. கறுப்பு, வெறும் கறுப்பு. பக்கவாட்டில் கீறல். செய்த கம்பெனியின் பேரைச் சொல்லி யாரும் பெருமை பேச மாட்டார்கள். வெர்னா முதலில் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்தாள். குழலை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்குக் கை குட்டை. தோள்கட்டையை உள்ளே தள்ளித் தன் அளவுக்குக் குறுக்கிக்கொண்டு, சுவரைக் குறிபார்த்தாள். நான்கைந்து தடவை வெறுமனே விசையை இழுத்தாள்.

"விசை கொஞ்சம் கெட்டிங்க," என்று கடைக்காரர் அவரே ஒப்புக்கொண்டார்.

"என் டிராக்டர் கிளட்சுக்கு இது எவ்வளவோ தேவலை."

மிச்சப் பணத்தில் பெரும்பங்கை ஸ்கோப்புக்குப் போட்டாள்; துப்பாக்கியைவிட அதற்கு விலை கூட. கடைசியில் இருந்ததற்கு மூன்று கம்பெனித் தோட்டாக்களைக் கொஞ்சம் கொஞ்சம் வாங்கி, என் வீட்டுப் பின்னால் மண்மேட்டில் காகிதத் தட்டைக் குத்திவைத்துச் சுட்டுப் பார்த்தாள். இருப்பதிலேயே மலிவானதுதான் ஒரே இடத்தில் போய் விழுந்தது. அதையே பெட்டியாக வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலய வாசலில் ராய்ஸ், "குதிரைய விடச் சேணம் விலை கூடவாமே!" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான். நான் பதில் சொல்லப் போனேன். வெர்னா என் முழங்கையைப் பிடித்து இழுத்துப் போய்விட்டாள்.

விதை ஊன்றிய மறுநாள் விடியலில், அவள் தன் பிக்கப் வண்டியின் பின்தட்டில் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் காபியோடு. வானம் வெளுக்கும்போது பன்றிகள் வரிசையாகச் சாலில் இறங்கின. முன்னால் வந்த பெரிய பெட்டையை முதலில் சுட்டாள். தலைவி விழுந்ததும் மற்றவை எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் ஒரு கணம் நின்றன. அந்த ஒரு கணத்துக்காகத்தான் டயர் பணம் போனது. இன்னும் மூன்று விழுந்தன.

அப்புறம் தினமும் விடியலிலும் அந்தியிலும் காவல். தூக்கம் கெட்டுக் கண் சிவந்து, அதே கண்ணோடு பேருந்து ஓட்டினாள். ஆனால் மூன்று வருடத்தில் முதல் தடவையாகக் கடலை முளைத்தது. சால் சாலாகப் பச்சை. ஜூன் மாதம் மஞ்சள் பூ விட்டபோது அவள் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினாள். பிறந்த பிள்ளையைக் காட்டுவது போலக் காட்டினாள்.

ஒன்றுதான் புரியவில்லை. எத்தனை சுட்டாலும் பன்றி குறையவில்லை. சுட்டவற்றைக் கழுகுக்கு விட்டுவிடுவோம். ஒருநாள் இளம் பெட்டை ஒன்று விழுந்தது. வீணாக்குவானேன், சாசேஜ் போடலாம் என்று நான்தான் வயிற்றைக் கிழித்தேன். உள்ளே குடம் குடமாய் மக்காச்சோளம். இந்தச் சுற்று வட்டாரத்தில் எவன் சோளம் போடுகிறான்? அதுவும் சிவப்புச் சாயம் ஏறிய சோளம், பீரும் ஸ்ட்ராபெரியும் கலந்த புளிச்ச நாற்றம். பீரில் ஊறவைத்து, பிள்ளைகள் குடிக்கிற ஸ்ட்ராபெரித் தூளைக் கொட்டிப் புளிக்கவைக்கிற பன்றித் தீனி. ஊரில் அதைக் கிளறுகிறவன் ஒருவன்தான்.

வெர்னா எழுந்து பன்றித் தடத்தைப் பிடித்து ஓடைப் புதருக்குள் நடந்தாள். நானும் முள்ளைக் கிழித்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவள் குத்தகை நிலத்தின் கடைக்கோடியில், நாங்கள் எட்டிப் பார்க்காத மூலையில், மூன்று கால் போட்டுத் தீனி இறைக்கிற தகரப் பீப்பாய் நின்றது. பீப்பாயில் ராய்ஸ் கடையின் பெயர். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவன் என்பார்களே, அவனைக் கண்ணால் பார்த்தேன். பன்றியை வளர்ப்பதும் அவன், பன்றி சுடத் துப்பாக்கி விற்பதும் அவன்.

வெர்னா துப்பாக்கியை வீட்டில் வைத்துப் பூட்டினாள். "இதோட போனா நாளைக்கு அவன்தான் நல்லவன்," என்றாள். நேரே அவன் கடைக்குப் போய், சோளம் நிறைந்த அந்த இரைப்பையை அவன் கண்ணாடி மேசைமேல் வைத்தாள்.

ராய்ஸ் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை. "நான் சட்டப்படிதான் வெச்சிருக்கேன். அந்த நிலத்துல வேட்டை உரிமை என்னோடது. போன வருஷக் கடைசியிலயே எம்மெட் குடுத்துட்டாரு. சொல்லப்போனா நீ சுட்டதெல்லாம் என் சரக்கு. சரி போ, தெரிஞ்ச பொண்ணாச்சேன்னு நான் கேக்கல."

என் கைக்கு எட்டியது தொப்பி மாட்டும் ஸ்டாண்டு. அதைத் தள்ளிவிட்டேன். அதற்காக நான் வருந்தவில்லை.

எங்கள் பக்கம் இது வழக்கம்தான். மண் ஒருவனுக்கு, மேய்ச்சல் ஒருவனுக்கு, வேட்டை ஒருவனுக்கு என்று ஒரே நிலத்தைக் கூறுபோட்டு விடுவார்கள். வெர்னாவுக்கும் தெரியும். ஆனால் பதினோரு வருடமாகக் கைகுலுக்கிப் பேசி முடிக்கிற குத்தகையில், வேட்டை யாருக்கு என்று அவள் கேட்டதே இல்லை. அந்த நிலத்தில் கடலையைத் தவிர வேறு எதையும் அவள் நினைத்ததில்லை.

நாங்கள் போனபோது எம்மெட் தன் வீட்டுச் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தார். மறைக்கவில்லை. "அது வேற, இது வேறம்மா. மண்ணு உனக்கு, வேட்டை அவனுக்கு."

"இல்லை எம்மெட். ஒரே நிலத்த, கடலை போடறதுக்கு எனக்கும், அந்தக் கடலையத் திங்கிறதுக்கு அவனுக்கும் குடுத்திருக்கீங்க."

கிழவர் கரண்டியால் காபியைக் கலக்கிக்கொண்டே இருந்தார். சர்க்கரை எப்போதோ கரைந்திருக்கும். பிறகு சொன்னார்: "அவன் கடலைப் பங்க விடக் கூடத் தர்றான், நான் என்ன பண்ண? ஒரு யோசனையும் சொல்றான். நீ வழக்கம்போல விதை போடுவியாம். அறுவடை வேணாம், பன்னிக்கு விட்டுரணும். மாசாமாசம் கூலி குடுத்துருவானாம். உனக்கும் காவல் காக்குற அலைச்சல் மிச்சம் பாரு."

வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவது என்பார்கள். இவர் பாய்ச்சியதோடு, வலிக்கிறதா என்று கேட்கவும் கேட்கிறார். நான் வாயைத் திறக்கும் முன் வெர்னா தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தாள். டிராக்டரில் சட்டிக்கலப்பையைப் பூட்டினாள். என்ன செய்யப் போகிறாள் என்று புரிந்ததும், நான் முன்னால் போய் நின்று கத்தினேன். "ஏய், பூ விட்டிருக்குடி! இன்னும் மூணு மாசம்தான்டி!"

"தள்ளு டார்லா. பன்னிக்குப் பந்தி வைக்க நான் இதப் போடல."

பொழுது சாயும் வரை உழுதாள். ஒரு சால் விடவில்லை. பச்சை எல்லாம் வேரோடு புரண்டு மண்ணுக்குள் போனது. தேய்ந்த டயர் இரண்டு இடத்தில் சிக்கி வழுக்கியது. இறங்கி மண் அள்ளிப் போட்டு, மறுபடி ஏறினாள். எம்மெட்டின் பங்கும் அதில்தான் போனது. போகட்டும். நான் வரப்பில் உட்கார்ந்து அழுதேன். அழுததற்கும் சேர்த்து எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் அழவில்லை. கலப்பையைக் கழற்றி வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, நிலத்தின் வாசல் சாவியை எம்மெட்டின் தபால்பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

பன்றிகள் சில நாள் உழுத மண்ணைக் கிளறிப் பார்த்தன. பிறகு அங்கே ஒன்றும் இல்லை என்று அவற்றுக்கும் தெரிந்துவிட்டது. பீப்பாய்ச் சோளம் அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு எந்த மூலைக்கு? பக்கத்தில் ஈரம் உள்ள மண் ஒன்றுதான் இருந்தது. தினமும் தண்ணீர் பாய்ச்சி எம்மெட் கேல் வளர்க்கிற வீட்டுப் புல்வெளி.

பள்ளிச் சமையலறையில், கோடை வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பீன்ஸ் கிளறிக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் நின்ற வெர்னாவுக்கு அவரிடமிருந்து போன் வந்தது. எனக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"வெர்னா, வாசல் பூராவும் உழுது போட்டுருச்சும்மா. தண்ணிக் குழாயக்கூட விடல. வராந்தா வரைக்கும் வந்து நிக்குது, நான் கதவத் திறக்கவே பயப்படறேன். அந்தத் துப்பாக்கி உன்கிட்டதான இருக்கு?"

"இருக்கு எம்மெட். எண்ணெய் போட்டுத்தான் வெச்சிருக்கேன்."

"சாயங்காலம் கொஞ்சம் வந்துட்டுப் போயேன்."

"வரலாம். ஆனா அதெல்லாம் ராய்ஸோட சரக்காச்சே, நான் எப்படிக் கை வைக்கிறது? அவன்கிட்டயே சொல்லுங்க. சனிக்கிழமை ஆளக் கூட்டிக்கிட்டு வருவான்."

அன்றைக்குத் திங்கட்கிழமை.