காது கேட்காத பிள்ளையைக் கூவித் தேடியது

முட்டாள்தனத்துக்கு யாராவது பட்டம் கொடுப்பதாக இருந்தால், எனக்கு வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் வைத்தே கொடுக்கலாம். காது கேட்காத ஒரு பிள்ளையை அங்கேதான் பேர் சொல்லிக் கத்திக் கத்தித் தேடினேன். இத்தனைக்கும் நான் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான சிறப்பாசிரியர்.

அன்று மாற்றுத்திறனாளிகள் முகாம். பல பள்ளிகளுக்கு நான் ஒரே ஆள் என்பதால், வாரம் ஒருநாள்தான் அந்த மூன்றாம் வகுப்புச் சிறுமிக்குச் சொல்லித்தருகிறேன். மற்ற நாளெல்லாம் பஸ் ரோட்டைத் தாண்டித் தனியாகவே பள்ளிக்குப் போய்வருகிறாள். காதுக்கருவியைப் பழுதுபார்க்கக் கொடுக்க அவள் அம்மா வரிசையில் நின்றார். "கொஞ்சம் பாத்துக்கங்க சார்" என்றார்.

"அதுதாங்க என் வேலையே" என்று பீற்றிக்கொண்டு, வந்த போனை எடுத்தேன். நிமிர்ந்தால் பிள்ளை இல்லை.

வாசலுக்கு வெளியே பேருந்துகள் ஹாரன் அடித்தபடி பறந்தன. அந்த ஹாரன் அவளுக்குக் கேட்காது என்று நினைத்ததும் வாசலுக்கு ஓடினேன். கத்த ஆரம்பித்தேன்.

"யார சார் தேடறீங்க?" என்றார் டீக்கடைக்காரர்.

"ஒரு பொண்ணுங்க. காது கேக்காது."

"அப்ப எதுக்கு சார் இந்தக் கத்து கத்தறீங்க? அந்தாண்ட பாருங்க!"

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், கரும்புச்சாறு இயந்திரத்தின் அதிர்கிற தகரத்தில் உள்ளங்கையை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எப்படித்தான் தாண்டினாளோ!

அவள் கையை இறுக்கிப் பிடித்துக் கூட்டிவந்து, நடந்ததை அம்மாவிடம் சொன்னேன். "எனக்கு உயிரே போயிடுச்சும்மா."

மகளின் முகத்தை முந்தானையால் துடைத்தபடி அவர் சொன்னார்:

"எனக்கு தெனமும் போவுது சார்."