பம்பு இல்லாத லைன்

குளியலறைச் சுவரில் காதை ஒட்டிவைத்துக் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார் வாஷர். அவர் காதை எடுக்கும்வரை வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது. மின்விசிறிகூட ஓடக் கூடாது. சுவருக்குள் தண்ணீர் எங்கே வழி தவறுகிறது என்று கேட்டு முடித்ததும், "இங்கதான் அழுவுது" என்று டைல்ஸ்மேல் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போடுவார். பெரும்பாலும் சரியாக இருக்கும். தப்பிப்போனால், "கட்டினவன் சரியில்ல" என்பார்.

குழாய் வேலைக்காரர். எந்தக் கோளாறானாலும் முதலில் சொல்வது, "வாஷர் போயிருக்கும்." குழாய்க்கு மட்டும் இல்லை. பக்கத்து வீட்டு நாய் குரைப்பதை நிறுத்தியபோதும் அதையேதான் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது. மனைவியின் கைபேசியில்கூட அவர் எண் அந்தப் பெயரில்தான் இருக்கிறது.

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தனக்கென்று இருக்கும் பிரேக்கில் ஒரு காலை வைத்துக்கொண்டு, அடுத்தவர் பயத்தோடு சேர்ந்து ஊரைச் சுற்றுவது அவர் வேலை. ஸ்டீயரிங் தறிகெட்டுத் திரும்பினால் எட்டிப் பிடிக்க வேண்டியது அவருடைய வலது கை. போன வருடம் வலது மார்பில் ஒரு கட்டி வந்தது. அதை அறுத்து எடுத்தபோது அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்தார்கள். கட்டி போயிற்று. கை வீங்கிற்று. முழங்கைக்குக் கீழே ஒரு சின்னத் தலையணையாக ஆனது. மடக்க முடியவில்லை. பயிற்சிப் பள்ளி முதலாளி நல்ல மனிதர். கோடை விடுமுறை முடியும்வரை காரை வேறு யாருக்கும் தரமாட்டேன், அதற்கப்புறம் தந்துதான் ஆகவேண்டும் என்று நல்லபடியாகவே சொல்லிவிட்டார்.

பிசியோதெரபி அறைக்கு மனைவியோடு போனார் வாஷர். எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் கேட்கும் கேள்வியை அங்கேயும் கேட்டார்.

"மெயின் வால்வு எங்கம்மா இருக்கு?"

பிசியோ மேடம் அசரவில்லை. "கழுத்துக்குக் கீழ, காறை எலும்புக்குப் பின்னாடி. நிணநீர் திரும்ப ரத்தத்துல சேர்ற இடம் அதான்."

வாஷருக்குத் திருப்தி. இப்படி நேராகப் பதில் சொல்லும் வீட்டுக்காரர்களை அவர் பார்த்ததில்லை.

மேடம் மேலே சொன்னார். இதயம் ரத்தத்தைத் தள்ளுகிறது. மயிரிழையிலும் மெல்லிய குழாய்களை அடைந்ததும் அதிலிருந்து கொஞ்சம் நீர் வெளியே வந்து சதைக்கு ஊட்டம் கொடுக்கிறது. வந்ததில் பெரும்பகுதி ரத்தத்துக்கே திரும்பிவிடும். மிச்சத்தை வாரிக்கொண்டு போவதற்குத்தான் நிணநீர்க் குழாய்கள்.

"அப்போ ரத்த லைன் கசியுது."

"கசியணும். கசியலைன்னா சதைக்குச் சாப்பாடு கிடையாது."

வாஷர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணத்தின்போது இதைத் தன்னிடம் மறைத்துவிட்டார்கள் என்கிற பார்வை.

"சரி, கசிஞ்சதை மேல ஏத்துற பம்பு எங்க?"

"பம்பு இல்லை. மூச்சு விடும்போது, கையை மடக்கும்போது நகரும். குழாயும் தானே சுருங்கிச் சுருங்கித் தள்ளும். கீழ இறங்கிடாம நடுநடுவுல வால்வு இருக்கு."

"பம்பு இல்லாத லைனா? யாரு போட்டது?"

மேடம் விரலை மேலே காட்டினார்.

அக்குள் வழி இப்போது அடைபட்டுவிட்டதால் நீரைக் கையால் தடவித் தடவி மார்பின் குறுக்கே மறுபக்க அக்குளுக்குத் திருப்பிவிட வேண்டும் என்றார் மேடம். முதலில் கழுத்து, அப்புறம் மார்பு, அப்புறம் மேல்கை, உள்ளங்கை கடைசி. தோல் மட்டும் நகர்ந்தால் போதும், அழுத்தக் கூடாது. முடிந்ததும் விரலிலிருந்து தோள்வரை கட்டுத்துணி. இதைத் தினமும் செய்தாக வேண்டும்.

"நான் பாத்துக்கறேன். இவ்ளோ வருஷமா இதானே பொழப்பு" என்றார் வாஷர்.

வீட்டில் அவர் போட்ட கட்டில் ஒரு சுருக்கம் கிடையாது. குழாய் மரையில் டேப் சுற்றுவதைப்போல இழுத்து இழுத்துச் சுற்றினார். ஜாயிண்டில்தான் எப்போதும் கசியும் என்பதால் மணிக்கட்டிலும் முழங்கையிலும் கூடுதலாகச் சுற்றினார்.

"ஏங்க, விரல் மரத்துப்போற மாதிரி இருக்கு."

"புதுசுல அப்படித்தான் இருக்கும்."

மனைவி மத்தியானம் கண்ணயர்ந்து எழுந்தபோது ஐந்து விரல்களும் ஊதா நிறத்தில் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. பல்லால் கடித்துக் கட்டை அவிழ்த்தார்.

"கசியக் கூடாதுன்னுதானேம்மா இறுக்கினேன்."

"என்னைய என்ன டேங்க்குன்னு நினைச்சீங்களா? லேர்னர் கையில வண்டியைக் குடுத்தது என் தப்பு."

கட்டு விரல் பக்கம் இறுக்கமாக ஆரம்பித்து, மேலே போகப் போகத் தளர வேண்டும் என்று மேடம் மறுபடி காட்டினார். வாஷர் தலையாட்டினார். ஆனால் மனைவி கையைத் தரவில்லை. விடுமுறையோ போய்க்கொண்டே இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் வந்த மச்சினன் தன் பங்குக்கு, "மாமா, உங்களுது ரெஞ்சு பிடிக்கிற கை. பேசாம ஒரு ஆளை வச்சிருங்க" என்றான்.

மறுநாள் வாஷர் சாப்பாட்டு மேசையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, அதன்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போட்டு, விரலால் தள்ளிப் பார்த்தார். அழுத்தினால் தண்ணீர் இரண்டு பக்கமும் சிதறி ஓடியது. தாளைத் தொட்டும் தொடாமலும் நகர்த்தினால் சொன்ன பேச்சைக் கேட்டது. ஒரு வாரம் இதுவே வேலை. மேசையைத் துடைக்கும் வேலை மனைவியின் தலையில் விழுந்தது.

அடுத்தமுறை மச்சினன் வந்ததும், "மாப்ளே, கையைக் குடு" என்றார்.

"எதுக்கு மாமா?"

"உடைக்க மாட்டேன், குடு."

மச்சினன் சோபாவில் சாய்ந்து கையை நீட்டினான். வாஷர் தன் உள்ளங்கைகளை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு கழுத்திலிருந்து ஆரம்பித்தார்.

"ஐயோ, கூசுது... இதெல்லாம் ஒரு வைத்தியமா மாமா? ஈ உக்கார்ற மாதிரி இருக்கு. அக்கா பாவம், உங்ககிட்ட மாட்டிக்கிட்டு..."

அந்த வாக்கியம் முடியவில்லை. குறட்டைச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து மனைவி வந்தார். தம்பியின் திறந்த வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, வலது கையை மேசைமேல் வைத்தார்.

"கிளட்ச் விடுற மாதிரி, மெதுவா. ஒரேயடியா விட்டீங்க, வண்டி நின்னுடும்."

அன்றிலிருந்து தினமும் காலையில் வேலைக்குக் கிளம்புமுன் அந்த மேசையில்தான் இருவரும். "ஸ்பீடைக் குறைங்க" என்பார் மனைவி. "மேல போகும்போது பிரேக்கு எதுக்கு?" என்பார். வாஷர் எல்லாவற்றுக்கும் "ம்" கொட்டுவார். ஒருநாள் முழங்கை மடிப்பில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன கேக்குது?"

"ஒண்ணும் கேக்கல. சத்தமே போடாத லைனு."

அந்தக் கையைப் பற்றி மட்டும், வாஷர் போயிருக்கும் என்று அவர் சொன்னதே இல்லை.

முழங்கையில் பழைய சுருக்கங்கள் திரும்பி வந்தன. பிறகு மணிக்கட்டு எலும்பு எட்டிப் பார்த்தது. விடுமுறை முடிவதற்குள் கை ஸ்டீயரிங் பிடிக்கிற அளவுக்கு மடங்கிவிட்டது. மேடம் அளவெடுத்து, தோள்வரை இறுகப் பிடிக்கும் உறை ஒன்றை வரவழைத்தார்.

"இனிமே பகல்ல இதைப் போட்டுக்கங்க. தடவிவிடறதை நீங்களே பண்ணிக்கலாம்மா. சாருக்கு லீவு."

வாஷர் தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துவிட்டுச் சட்டைப் பையிலும் கால்சட்டைப் பையிலுமாக வைத்துக்கொண்டார்.

மனைவி வேலைக்குத் திரும்பும் நாள். வலது கையில் உறை, இடது கையில் காரின் இன்னொரு சாவி. பயிற்சிப் பள்ளியிலிருந்து யாரோ வாசலில் காரைக் கொண்டுவந்து நிறுத்தி ஹார்ன் அடித்தார்கள். மனைவி செருப்பு மாட்டிக்கொண்டு திரும்பினால், மேசைக்கு அந்தப் பக்கம் அதே நாற்காலியில் வாஷர் உட்கார்ந்திருக்கிறார். உள்ளங்கைகள் அக்குளில்.

ஹார்ன் மறுபடி அடித்தது. மனைவி சாவியை மேசைமேல் வைத்தார். உட்கார்ந்து, ஒரு கோளாறும் இல்லாத இடது கையை அவர் முன்னால் நீட்டினார்.