அக்கா உள்ளே வராத பதினோரு வீடுகள்

மலையாள எல்லைக்குள் தமிழ் பேசும் ஊரான பெருமாட்டியில் தென்னந்தோப்பு வைத்திருந்த எங்கள் தகப்பனாருக்கு ஐந்து மக்கள். அக்கா இரண்டாவது, நான் நான்காவது. மற்ற மூவரும் முன்பே போய்விட்டதால், அக்காவின் முதலாண்டு நினைவுக்கு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. கணக்கில் பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பத்தொன்பது வயதில் நாடகக் குழுவில் சேர்ந்தார். நாற்பத்தாறு ஆண்டுகள் நடித்தார். தமிழ்ப் படங்களில் மலையாளத்துப் பெண்ணாக முப்பத்தெட்டு, மலையாளப் படங்களில் தமிழ்ப் பெண்ணாக ஐம்பத்திரண்டு, தொலைக்காட்சித் தொடர்கள் ஒன்பது. எல்லாம் சிரிப்பு வேடங்கள். எங்கள் ஊர்க்காரியாக ஒன்றுகூட இல்லை. படப்பிடிப்புக்கு ஒருநாளும் தாமதமாகப் போனதில்லை என்று உடன் நடித்தவர்கள் என்னிடம் சொன்னார்கள்.

தகப்பனார் இறந்தபோது அக்கா படப்பிடிப்பிலிருந்து நேரே வந்து, பந்தலிலேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அதற்கு முந்தைய மாதம் வந்த படத்தில், மாமனார் சாவுக்கு அதேபோல் பொய்யாக அழுதிருந்தார். பந்தலில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அடக்கப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் வந்தது. அக்கா அழுகையை நிறுத்திவிட்டார்.

அதன் பிறகு எங்கள் உறவில் நடந்த பதினோரு சாவுகளுக்கும் வந்தார். ஒரு வீட்டுக்குள்ளும் வரவில்லை. தெருமுனையில் காரிலேயே இருந்து, உடலை எடுத்துச் சென்ற பிறகுதான் இறங்கி வாசல்வரை வருவார். காரணம் தெரிந்திருந்தும் கர்வம் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

பன்னிரண்டாவது சாவு என் மனைவியுடையது. அக்கா மனம்விட்டுப் பேசியது அவளிடம் மட்டும்தான். கார் நின்ற இடத்துக்கு நானே போய்க் கூப்பிட்டேன்.

“நான் வந்தா எழவூடு கலியாண ஊடாட்ட ஆயிரும் சாமி. நீ போ” என்றார்.

“சிரிக்கறவங்க சிரிக்கட்டும்ங்கா. அவளுக்கு அழுகறதுக்கு உங்கள உட்டா ஆரு இருக்கறாங்க?” என்றேன்.

இறங்கி வந்தார். தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார். மூன்று பேர் சிரித்ததை நான் பார்த்தேன். அக்காவும் பார்த்தார். ஆனால் நிறுத்தவில்லை. உடலை எடுக்கும்வரை அழுதார்.

கடைசி எட்டு மாதங்கள் என் வீட்டில் இருந்து, எழுபத்தொன்பது வயதில் காலமானார். வீட்டுக்கே வந்து வைத்தியம் பார்த்த மருத்துவருக்கும், கவனித்துக்கொண்ட செவிலியர் இருவருக்கும், பந்தல் வேலைகளைப் பார்த்துக்கொண்ட எலப்புள்ளி மைத்துனருக்கும் நன்றி. அக்காவின் உடலருகே அவருடைய வசனங்களைச் சொல்லிச் சிரித்துவிட்டு, பிறகு தனியே வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்டவர்கள் பதினேழு பேர். அவர்களுக்கும் நன்றி. யாரும் வருந்த வேண்டாம். சிரித்தவர்கள் என்னையும் சேர்த்துப் பதினெட்டு.